சாலையும் நம்முடையது, சீருடையும் நம்முடையது



காலை ஐந்தரை மணிக்குக் கேரி தீவுப் பாலத்தின் ஓரமாக நின்று பாருங்கள். இருட்டு இன்னும் விலகியிருக்காது. தோட்டத்துப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஓட்டுபவன் நம் பையன். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைக்குப் போகிறான், கிள்ளான் துறைமுகத்துக்குப் போகிறான், பந்திங்கில் கடை வேலைக்குப் போகிறான். பின்னால் தங்கை உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் அதே வழியில்தான் வேலை. எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி வரும், எண்ணெய் டேங்கர் வரும், பெரிய சாலைக்கு ஏறிவிட்டால் கொள்கலன் லோரிகள் வரிசையாக வரும். நடுவே, இரண்டு சக்கரத்தில் நம் பிள்ளைகள்.

அவர்கள் இரவு வீடு திரும்பும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நம் வட்டாரத்துக்கு இரண்டு வகையான நிகழ்ச்சிகள் அவ்வப்போது வருகின்றன. ஒன்று, சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு இயக்கம். மற்றொன்று, போலீஸ் படையில் சேருவதற்கான விளக்கக் கூட்டம். இரண்டுக்கும் மண்டபத்தில் நாற்காலி போடுவார்கள், துணிப்பதாகை கட்டுவார்கள். பிரமுகர் பேசுவார். சிலருக்குப் புதுத் தலைக்கவசம் கிடைக்கும், எல்லாருக்கும் மீஹூன் பொட்டலம் கிடைக்கும். படம் எடுத்து முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். மறுநாள் காலை பாலத்தில் அதே இருட்டு, அதே லோரி.

இந்த இரண்டையும் வேறு வேறு விஷயமாகப் பார்ப்பதுதான் நம்முடைய முதல் தவறு என்று நினைக்கிறேன். சாலையில் நம் பிள்ளை விழுவதும், போலீஸ் நிலையத்தில் நம் பேச்சு ஏறாமல் போவதும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். எப்படி என்று சொல்கிறேன்.

சைக்கிளை விட்டு இறங்கு!

கொஞ்சம் பழைய கதை. 1941. கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்றார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள், பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்புக் கேட்டார்கள், கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. துரையோ அதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள்.

இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் நம்ப முடிகிறதா? சாலையில் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமைக்காக நம்மவர்கள் போராடியிருக்கிறார்கள்! நாதனை மே மாதம் கைது செய்து பின்னர் நாடு கடத்தினார்கள். போலீசும் இராணுவமும் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

அந்த நாளிலிருந்தே நம் குடும்பங்களில் சீருடை என்றால் ஓர் அச்சம். "போலீஸ் வர்றான், உள்ளே போ" என்று பிள்ளையை அதட்டாத வீடு நம்மிடையே உண்டா? சாலை என்றால் அது பெரியவர்களுடைய சாலை, நாம் ஓரமாக ஒதுங்கிப் போக வேண்டியவர்கள் என்ற எண்ணமும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிந்தது. ஒதுங்கும் பழக்கம் ஒழியவில்லை.

ஏழையின் வாகனம்

நாட்டின் கணக்கைப் பாருங்கள். 2016-இல் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் மாண்டனர். நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த 2020, 2021 ஆண்டுகளில் எண்ணிக்கை இறங்கியது. 2023-இல் மறுபடியும் 6,443. அதாவது நாளொன்றுக்கு 17 பேருக்கு மேல். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

கார் வாங்க வழியில்லாதவன், பேருந்து வராத இடத்தில் குடியிருப்பவன், இரண்டு ஷிப்டு வேலை பார்த்துக் கண் சொக்கத் திரும்புபவன் மோட்டாரில்தான் போவான். ஆகவே சாலை மரணம் என்பது வெறும் கவனக்குறைவு அல்ல. அது சம்பளக் கணக்கும்கூட. டயர் மொட்டையானது தெரியாமலா ஓட்டுகிறான்? அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று தள்ளிப் போடுகிறான்.

அதற்காக நம் பக்கத்துத் தவறை மூடி மறைக்கலாமா? கூடாது. தலைக்கவசம் 1973 முதல் சட்டம். ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் நம் பையன்களில் பலர் அதைத் தலையில் வைக்கிறார்களே தவிர வாரை மாட்டுவதில்லை. விழுந்தால் முதலில் பறப்பது அந்தக் கவசம்தான். தோட்டத்து மண் சாலையில் பதின்மூன்று வயதுப் பிள்ளை மோட்டார் ஓட்டுவதைப் பார்த்து, "என் மகன் கெட்டிக்காரன்" என்று சிரிக்கிறோம். பி2 உரிமத்துக்குப் பதினாறு வயது ஆக வேண்டும் என்பது நமக்குத் தெரியாதா? மண் சாலையில் பழகிய கை ஒருநாள் உரிமம் இல்லாமலேயே தார்ச்சாலைக்கு ஏறுகிறது. திருவிழா இரவில் குடித்துவிட்டு மூன்று பேர் ஒரே மோட்டாரில் வருவதும் நம் லயத்துக் காட்சிதான். இதையெல்லாம் நாம்தான் நிறுத்த வேண்டும். வேறு யாரும் வந்து நிறுத்த மாட்டார்கள்.

ஆனால் விழிப்புணர்வு இயக்கம் நடத்துபவர்களிடம் நாமும் ஒன்று சொல்ல வேண்டும். பிரச்சாரம் பலன் தரும், தந்தும் இருக்கிறது. 1992 ஜூலையில், மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை எரியவிட்டு ஓட வேண்டும் என்று அரசாங்கம் பிரச்சாரம் தொடங்கியது. செப்டம்பரில் அதையே சட்டமாக்கியது. மோட்டார் வருவதைக் கவனிக்காமல் மற்ற வாகனங்கள் மோதும் வகை விபத்துகள் அதன் பிறகு சுமார் 29 விழுக்காடு குறைந்ததாகச் சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் நடந்த ஆய்வு காட்டியது. அதற்கும் முன்னால், 1970-களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்கென்று தனிப்பாதை போட்டார்கள். உலகத்துக்கே முன்னோடி என்று சொல்லப்படும் பாதை அது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சொல், சட்டம், சாலை மூன்றும் சேர்ந்தால் உயிர் பிழைக்கிறது. சொல் மட்டும் வந்து போனால் துணிப்பதாகைதான் மிஞ்சும். பாலத்தருகே விளக்கு வேண்டும். தோட்டத்துச் சந்து பெரிய சாலையோடு சேரும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை வேண்டும். லோரி ஒதுக்கித் தள்ளினால் இறங்கி நிற்கச் சாலை ஓரம் வேண்டும். இவற்றையும் சேர்த்துப் பேசாத இயக்கம், விழுந்தவனையே குற்றவாளியாக்கும் இயக்கம்.

"ஆமாம்" என்று சொன்ன தாய்

இனி கயிற்றின் மறுமுனைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவோடு போலீஸ் நிலையம் ஒன்றுக்குப் போனேன். அவருடைய மகனைப் பின்னாலிருந்து லோரி மோதிவிட்டது. பையன் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தான். நான் மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே போவதற்குள் புகார் தட்டச்சாகி முடிந்திருந்தது. முகப்பில் இருந்த இளம் போலீஸ்காரர் நல்லவர். அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டார், தண்ணீரும் கொடுத்தார். "மகன் சிம்பாங்கிலிருந்து வெளியே வந்தாரா?" என்று மலாயில் கேட்டிருக்கிறார். அம்மா "ஆமாம்" என்றார். பொய் இல்லை. தினமும் காலையில் அவன் அந்தச் சந்திலிருந்துதான் வருகிறான். ஆனால் அன்றைக்குச் சந்தைத் தாண்டி நேர்ச்சாலையில் வெகுதூரம் போன பிறகுதான் லோரி மோதியது. புகாரிலோ, பையன் சந்திலிருந்து சாலைக்குள் நுழைந்தபோது விபத்து என்று பதிவாகிவிட்டது.

அந்த ஒரு வரியைத் திருத்த இன்னொரு புகார், சாட்சி, வழக்கறிஞர் என்று மாதக்கணக்கில் அலைந்தோம். போலீஸ்காரர் கெட்டவர் இல்லை. தமிழ் தெரியாது, அவ்வளவுதான். அந்த முகப்பில் தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் இருந்திருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்: "எந்தச் சந்தும்மா? தாண்டியா, தாண்டறதுக்கு முன்னாலயா?"

இந்த இடத்தில் நீங்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும். புகாரைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். மலாய் நன்றாகத் தெரிந்த மகளையோ மருமகனையோ கூட அழைத்துப் போங்கள். வேலைக்குப் போகும் வழியில், அல்லது வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நடந்த விபத்தாக இருந்தால் 1969 சொக்சோ சட்டத்தின் கீழ் உதவித்தொகை கேட்க உரிமை உண்டு. உடனே முதலாளிக்குத் தெரிவியுங்கள். தெரிந்த 48 மணி நேரத்துக்குள் அவர் சொக்சோவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். உணவு கொண்டு செல்லும் பையன்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சந்தா கட்டப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். உயிரிழப்பு என்றால், சார்ந்திருந்த குடும்பத்தினர் மூன்று ஆண்டுக்குள் இழப்பீட்டு வழக்குத் தொடுக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் வந்து காகிதத்தில் கையெழுத்துக் கேட்கும் புரோக்கரிடம் எதையும் கொடுக்காதீர்கள்.

அந்தச் சீருடைக்குள் நம் பிள்ளை ஏன் இல்லை?

நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. போலீஸ் படையிலோ, வெளிவந்த கணக்குகளின்படி, நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான். அந்தப் பாதிக்குள் எத்தனை பேர் தோட்டத்துப் பிள்ளைகள்?

ஏன் போகவில்லை என்று கேட்டால் நம் வீடுகளில் மூன்று பதில் வரும்.

முதல் பதில்: "அடிக்கிறவன் கூட்டத்துல என் பிள்ளை எதுக்கு?" இந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 2009 ஜனவரியில் குகன் என்ற இளைஞர் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் மாண்டார். 2013-இல் உயர் நீதிமன்றம் அவருடைய குடும்பத்துக்கு எட்டு லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. காவலில் மாண்டவர்களில் நம்மவர் பங்கு அதிகம் என்பதை மனித உரிமை அமைப்புகள் பல முறை எடுத்துச் சொல்லியிருக்கின்றன. துன் முகமட் டசைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கச் சுயேச்சையான ஆணையம் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. பதினேழு ஆண்டு இழுபறிக்குப் பிறகு 2022-இல் ஒரு சட்டம் நிறைவேறி, 2023 ஜூலையில் நடப்புக்கு வந்தது. அதுவும் அன்று கேட்டதைவிடப் பல் குறைந்த ஆணையம். அந்தப் போராட்டம் இன்னும் முடியவில்லை.

இரண்டாவது பதில்: "நம்ம பிள்ளைங்கள எங்க எடுக்கப் போறான்?" அரசியலமைப்பின் 136-ஆவது பிரிவு, ஒரே தரத்தில் பணியாற்றும் அரசு ஊழியர்கள் அனைவரும் எந்த இனத்தவராயினும் பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்கிறது. ஏட்டில் இருப்பது நடப்பில் இல்லை என்பீர்கள். சரி. ஆனால் விண்ணப்பமே போடாதவன் தன்னை ஒதுக்கினார்கள் என்று எப்படி நிரூபிப்பான்? பத்துப் பேர் தகுதியோடு விண்ணப்பித்து, பத்துப் பேருக்கும் காரணமில்லாமல் இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பத்துக் கடிதங்கள் நம் கையில் ஆயுதம். ஏ. தெய்வீகன், டி. நரேனசேகரன் என்ற நம்மவர் இருவர் பினாங்கு மாநிலப் போலீஸ் தலைவர்களாக இருந்திருக்கிறார்கள். கதவு அகலமாகத் திறந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பூட்டியே கிடக்கிறது என்பதும் உண்மையில்லை.

மூன்றாவது பதில்தான் எனக்கு வலிக்கும் பதில்: "போலீசா? அது எப்படிச் சேர்றது?" தெரியாது! துறைமுகத்தில் எந்த நிறுவனம் ஆள் எடுக்கிறது என்பது நம் பையனுக்கு அத்துபடி. போலீஸ் படை ஆணையத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதை அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்களுக்குப் போலீஸ் என்றால் எதிரி. படையில் அவர்கள் பங்கு 8 விழுக்காடு அளவில்தான் இருந்தது. 1999-இல் பேட்டன் ஆணையம் அறிக்கை கொடுத்தது. 2001 முதல் 2011 வரை, புதிதாக எடுக்கும் ஆட்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர் என்று விதி வைத்தார்கள். பத்தே ஆண்டில் அவர்கள் பங்கு ஏறக்குறைய 30 விழுக்காடு ஆனது. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு இது சாட்சி.

இலங்கையில் போருக்குப் பிறகு அரசாங்கமே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு 2011-இல் என்ன சொன்னது தெரியுமா? போலீஸ் நிலையங்களில் 24 மணி நேரமும் இருமொழி தெரிந்த அதிகாரிகள் இருக்க வேண்டும், புகார் கொடுப்பவர் தாம் விரும்பும் மொழியில் வாக்குமூலம் கொடுக்க உரிமை வேண்டும் என்றது. அங்கே அது முழுமையாக நடந்ததா என்பது வேறு கேள்வி. கோரிக்கை நியாயமானது என்பதை அந்த அரசாங்கத்தின் ஆணைக்குழுவே ஒப்புக்கொண்டது. அதையே நாம் இங்கே கேட்டால் எப்படித் தவறாகும்?

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 1941-இல் நம் பாட்டன்மாரை அடக்க அனுப்பப்பட்ட படையினர் யார்? அவர்களும் இந்தியச் சிப்பாய்கள்தான். தோல் நிறம் ஒன்றானால் நியாயம் தானாக வந்துவிடாது. ஆகவே நம் பிள்ளை சீருடை போட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. பயிற்சியில் மனித உரிமை இருக்க வேண்டும், தவறு செய்த சீருடையைத் தண்டிக்கும் ஆணையத்துக்குப் பல் இருக்க வேண்டும். உள்ளே நம் பிள்ளைகள், வெளியே நம் குரல். இரண்டும் வேண்டும்.

இனி செய்ய வேண்டியது

பெற்றோர்களே! கான்ஸ்டபிள் வேலைக்கு மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். வயது 18-க்கு மேல், 28-க்குள். எஸ்.பி.எம். சான்றிதழும் அதில் தேசிய மொழியில் நல்ல தேர்ச்சியும் வேண்டும். உயரம், எடை, கண்பார்வை, உடற்தகுதிச் சோதனை எல்லாம் உண்டு. அந்தந்த ஆண்டின் விளம்பரத்தில் முழு நிபந்தனையும் இருக்கும். விண்ணப்பம் இணையத்தில், போலீஸ் படை ஆணையத்தின் பக்கத்தில். காசு வாங்கிக்கொண்டு வேலை வாங்கித் தருகிறேன் என்று வருபவன் திருடன், அவனை நம்பாதீர்கள். தேர்வானால் புலாபோல் பயிற்சி மையத்தில் சம்பளத்தோடு பயிற்சி. பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். பாதிக்கப்பட்ட நம் பெண்கள் மனம்விட்டுப் பேச ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

படிவம் மூன்றிலிருந்தே இதற்குத் தயாராக வேண்டும். மலாய் மொழியில் தேறாத பிள்ளைக்கு மாலை வகுப்பு, காலையில் தோட்டத்துத் திடலில் ஓட்டம், அடிதடி வழக்கிலும் போதையிலும் சிக்காத நடத்தை. பிறப்புச் சான்றிதழிலோ அடையாள அட்டையிலோ சிக்கல் இருந்தால் பதினேழு வயதுவரை காத்திருக்காமல் இப்போதே கவனியுங்கள்.

கோயில் தலைவர்களே, இளைஞர் மன்றத்தினரே! அடுத்த திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டும்போது பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். தலைக்கவச வாரை மாட்டச் சொல்லுங்கள், சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உரிமம் எடுக்க வசதியில்லாத பிள்ளைகளின் பட்டியலைத் தயாரியுங்கள். பி40 குடும்பத்துப் பிள்ளைகளுக்கு பி2 உரிமம் எடுக்க அரசாங்க உதவித் திட்டங்கள் வந்திருக்கின்றன; பட்டியல் கையில் இருந்தால்தான் அடுத்த முறை முந்திக்கொள்ள முடியும்.

அதிகாரிகளே! எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள், வரவேற்கிறோம். தமிழில் பேசத் தெரிந்தவரோடு வாருங்கள். துண்டறிக்கையைத் தமிழிலும் அச்சிடுங்கள். வரும்போது எங்கள் சந்தையும் பாலத்தையும் இரவில் ஒருமுறை மோட்டாரில் கடந்து பாருங்கள். தமிழர்கள் கணிசமாக வாழும் வட்டாரத்துப் போலீஸ் நிலையம் ஒவ்வொன்றிலும் ஷிப்டுக்கு ஒருவராவது தமிழ் தெரிந்தவர் இருக்கட்டும். அதுவே பெரிய சாலைப் பாதுகாப்பு இயக்கம்.

உறவுகளே! சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டே போகும் உரிமையை வாங்கித் தந்தார்கள். உயிரோடு வீடு வந்து சேரும் உரிமையை நாம் நம் பிள்ளைகளுக்கு வாங்கித் தர வேண்டும். இன்றிரவு உங்கள் மகன் வந்ததும் அவன் தலைக்கவசத்தை எடுத்து வாரைப் பாருங்கள். அறுந்திருந்தால் நாளைக்கே மாற்றுங்கள். பிறகு அவனை உட்காரவைத்துக் கேளுங்கள்: "தம்பி, போலீஸ் வேலைக்கு எழுதிப் போடறியா?"

அவன் சிரிப்பான். விடாதீர்கள், மறுபடியும் கேளுங்கள்.